கடித்துப் பார்க்காத சக்கரங்கள்

ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு பல்செட்டாரின் கைவேலை. மீதிப் பாதிப் பேர் சிரிக்கவே யோசிப்பதற்குக் காரணம் அவருடைய மனைவி. பல்செட்டார் முன்னறையில் உட்கார்ந்து பல் கட்டுவார். அந்த அம்மாள் பின்னறையில் நின்றுகொண்டு பல் பிடுங்குவார். இருவரும் டாக்டர்கள்தான். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஆனாலும் ஊர்க்காரர்கள் ஒருவருக்குப் பல்செட்டார் என்றும் இன்னொருவருக்குக் குறடம்மா என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர்கள் வாசல் பலகையில் மட்டும் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. குறடம்மா ஒடிசலான தேகம். காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் கையில் குறடு ஏறிவிட்டால் ஆலமரத்தையே வேரோடு எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, "வாயைக் கொப்புளிங்க" என்று சொல்லக்கூடியவர்.

இப்படிப்பட்ட இருவரும் ஒருநாள் கிளினிக்கை மகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றார்கள். குறடம்மா அந்த ஓய்வைக் கொண்டு அலமாரிகளை ஒழித்தார். பல்செட்டார் அதைக் கொண்டு ஒரு சிவப்புக் கார் வாங்கிவிட்டார்.

பழைய கார். பல பேரிடம் வாழ்ந்து பார்த்து, யாரோடும் ஒத்துப்போகாமல் வந்த கார். உயரம் பல்செட்டாரின் இடுப்பைத் தொடாது. நீளமான மூக்கு, சப்பையான முதுகு; படுத்துக்கொண்டே ஓடுவதற்கென்று செய்தது போல இருந்தது. வாசலில் அது வந்து நின்ற சத்தத்தில் எதிர்வீட்டுப் பூனை குடும்பத்தோடு குடிபெயர்ந்துவிட்டது.

குறடம்மா வாசலுக்கு வந்து பார்த்தார்.

"இது என்னங்க?"

"கார்ம்மா."

"மீதி எங்க?"

"மீதியா? அவ்வளவுதான். ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு."

"ரெண்டு சீட்டா? காய்கறிப் பை எங்க உட்காரும்?"

"உன் மடியில."

அந்தப் பதில் வேறு விதமாக இருந்திருக்கலாம் என்பது பல்செட்டாருக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் உண்மையில் சொல்ல நினைத்தது வேறு. இத்தனை காலம் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அவளுமாக உட்கார்ந்திருந்துவிட்டார்கள். ஒருவர் வெளியூர் போனால் இன்னொருவர் கிளினிக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்ந்து எங்கேயாவது போயிருக்கிறார்கள் என்றால் அது பல் மருத்துவர் மாநாட்டுக்குத்தான். அங்கேயும் எல்லார் வாயையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். இனிமேலாவது பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும். மூன்றாவது ஆள் ஏற இடமே இருக்கக் கூடாது. அதற்காகத்தான் தேடித் தேடி ரெண்டு சீட்டு வாங்கினார். இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாயில் காய்கறிப் பையைச் சொன்னால் விளங்குமா?

அப்போது பார்த்து மச்சினன் வந்து சேர்ந்தான். குறடம்மாவின் தம்பி, பெரிய சோபாக்கடை வைத்திருப்பவன். எதைப் பார்த்தாலும் முதலில் உட்கார்ந்து பார்ப்பான், அப்புறம் விலை பேசுவான். காரிலும் உட்கார்ந்தான். கண்ணை மூடி ஸ்டியரிங்கைத் தடவினான்.

"மாமா, உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல இந்த வம்பு? நீங்க வாங்கின காசு, போக்குவரத்துக் காசு எல்லாம் சேர்த்து நானே குடுத்துடறேன். எனக்கே குடுத்துடுங்க."

"குடுத்துடறதா? வந்து இன்னும் மூச்சே விடல அது!"

"அக்காவுக்குப் பிடிக்கல பாருங்க."

குறடம்மா இருவரையும் பார்த்தார். தீர்ப்புச் சொல்லும்போது அவர் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொள்வார்; பிடுங்கும் பழக்கம் தானாக வந்துவிடக் கூடாதே என்று.

"பிடிக்கல, பிடிச்சிருக்குன்னு நான் இன்னும் சொல்லல. ஞாயித்துக்கிழமை நான் உட்கார்ந்து ஒரு சுத்து வர்றேன். எனக்குச் சரின்னு பட்டா வண்டி இருக்கட்டும். இல்லேன்னா தம்பி எடுத்துக்கட்டும். ரெண்டு பேரும் அதுக்கு மேல பேசக் கூடாது."

ரெண்டு பேரும் பேசவில்லை. ஆனால் மச்சினன் போகும்போது காரின் மூக்கை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுப் போன விதம் பல்செட்டாருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஒரு டயரில் காற்று இல்லை. பல்செட்டார் அடித்தார், இறங்கியது. மறுபடி அடித்தார், மறுபடி இறங்கியது. நோயாளி அடம்பிடித்தால் அவருக்குக் கோபம் வராது, ஆர்வம்தான் வரும். டயரில் காற்றை முட்ட முட்ட ஏற்றிக்கொண்டு, அது இறங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற வேகத்தில் சக்கரக் கடைக்குப் போனார்.

காரில் ஏறுவது சுலபம், விழுந்தால் போதும். இறங்குவதுதான் சங்கடம். பல்செட்டாரின் உடம்பு வஞ்சனையில்லாமல் வளர்ந்த உடம்பு. வேர் வளைந்த கடைவாய்ப்பல் வெளியே வருவதைப் போல, முதலில் இந்தப் பக்கம் ஆடி, அப்புறம் அந்தப் பக்கம் ஆடி, கடைசியில் ஒரு முக்கலோடு கடை வாசலில் வந்து விழுந்தார்.

கடையில் தரையிலிருந்து கூரைவரை சக்கரங்கள் தொங்கின. வெள்ளி, கறுப்பு, சாம்பல் என்று வரிசை வரிசையாக. ரப்பர் வாசனை மூக்கைப் பிடித்தது. மூலையில் காற்று யந்திரம் மூச்சிரைத்தது. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார், ஆளைப் பார்த்தார், டக்கென்று வாயை மூடிக்கொண்டார்.

பல்செட்டார் யாருடைய முகத்தையும் நினைவில் வைப்பதில்லை. வாயைத்தான் வைப்பார்.

"ஒரு நிமிஷம் வாயத் தொறங்க."

"எதுக்கு சார்? வண்டியப் பாருங்க."

"அட, தொறங்கன்னா!"

திறந்தார். மேல் செட்டு, கீழ் செட்டு ரெண்டும் கட்டியது. பழுப்பு கலந்த வெள்ளை. இடது கோரைப்பல்லில் வேண்டுமென்றே வைத்த ஒரு சின்னச் சாய்வு. முன்பல்லில் தேய்ந்தது போல ஒரு விளிம்பு. அசல் பல்லே வெட்கப்படும்.

"நம்ம வேலை!" என்று பல்செட்டார் பூரித்துப்போனார்.

"உங்க வேலைதான் சார். பளிச்சுனு வெள்ளையா வேணும்னு கேட்டேன். 'வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கணும், பார்க்கிறவன் கண்டுபிடிக்கக் கூடாது'ன்னு சொல்லி இதப் போட்டு அனுப்பினீங்க. யாருமே கண்டுபிடிக்கல. அதான் என் வயித்தெரிச்சல். 'அவ்வளவு காசு குடுத்து அதே பழைய பல்லையா வாங்கிட்டு வந்தீங்க?'ன்னு என் பொண்டாட்டி இன்னைக்கு வரைக்கும் கேக்கறா."

"அதுதாங்க கலை."

"இருக்கும் சார். கலையத்தான் ராத்திரி டம்ளர்ல போட்டு வைக்கிறேன்."

சொல்லிக்கொண்டே அவர் சக்கரத்தைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரைத் தடவினார். ரிம்மின் உள்பக்கத்தில் மயிரிழைபோல ஒரு கோடு; அதிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்தது. விரிசல். மற்ற மூன்றையும் பார்த்தார். ஒன்று நெளிந்திருந்தது. ஒன்று உப்புப் பூத்திருந்தது. இன்னொன்றை யாரோ உருக்கி ஒட்டிச் சாயம் பூசியிருந்தார்கள்.

"சார், இதுல ஒண்ணுகூட வாயில… அதாவது வண்டியில இருக்கக் கூடாது. நாலையும் எடுத்துடணும்."

"எடுத்துடலாம். வேற காட்டுங்க."

கடைக்காரர் உள்ளே போய் ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். சாதா வெள்ளி நிறம். நேரான அஞ்சு கம்பிகள். பார்த்த கண்ணை மூடினால் மறந்துபோகும்.

"இதுதான் சார் உங்க வண்டிக்கு. கம்பெனிக்காரன் போட்ட அதே அளவு. மாத்தினதே தெரியாது. வண்டியோட வயசுக்கு ஏத்த மாதிரி, இயற்கையா இருக்கும்."

பல்செட்டாருக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. கேட்டது அல்ல, பேசியது. வாய் தேயத் தேயச் சொன்ன வசனம். தன்னுடைய வசனமே தன் மேல் வந்து விழும்போது அது எவ்வளவு எரிச்சலூட்டும் என்பதை அன்றுதான் அவர் தெரிந்துகொண்டார். முகத்தைத் திருப்பினார். திருப்பிய இடத்தில், கூரைக்குப் பக்கத்தில், தங்க நிறத்தில் நாலு சக்கரங்கள் தொங்கின. சூரியன் தன் மாற்று உடுப்புகளை அங்கே காயப்போட்டிருப்பது போல இருந்தது.

"அது?"

"அது உங்களுக்கு வேண்டாம் சார்."

"ஏன் வேண்டாம்?"

"பகட்டு. கண்ணக் குத்தும். அகலமும் ஜாஸ்தி. உங்க மட்கார்டுக்குள்ள அடங்குமான்னு சந்தேகம். நாலு பேர் பார்த்தா சிரிப்பாங்க."

"காசு என்னது, வண்டி என்னது. சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான். இறக்குங்கய்யா!"

கடைக்காரர் ஏணியில் கால் வைக்கப் போனவர் நின்றார். முகம் முழுக்க ஒரு நிறைவு.

"இதே வார்த்தையத்தான் சார் நான் அன்னைக்கு உங்க நாற்காலியில மல்லாந்து படுத்துக்கிட்டுச் சொன்னேன். நீங்க கேட்டீங்களா?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

"அது… வாய்."

இதற்கு மேல் ஒரு படித்த மனிதர் என்ன விளக்கம் சொல்ல முடியும்? கடைக்காரர் ஏணியில் ஏறி, "நான் உங்க அளவுக்குக் கல்நெஞ்சுக்காரன் இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டே தங்கச் சக்கரங்களை ஒவ்வொன்றாக இறக்கினார்.

வண்டியை லிஃப்டில் தூக்கி, அந்தரத்தில் தொங்கவிட்டுச் சக்கரங்களை மாட்டினார்கள். பல்செட்டார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டார். போனது. கையை விட்டார். அதுவும் போனது. ஒரு வாயைத் திறந்து உள்ளே பார்த்துத் திருப்திப்படும்போது அவர் தொண்டையிலிருந்து ஒரு 'ம்ம்' வரும். அது வந்தது.

"பிரமாதம். தச்ச சட்டை மாதிரி இருக்கு."

"கீழ இறக்கி, ரெண்டு ஆள உட்கார வச்சு, முழுசா ஒடிச்சுத் திருப்பிப் பார்த்துடலாம் சார்."

"கையே தாராளமாப் போகுது, இன்னும் என்னத்தப் பார்க்கணும்? பில்லப் போடுங்க."

அவருக்கு அவசரம். ஊர் பார்க்க வேண்டும். ஊர் பார்த்தது. பார்க்காமல் இருக்க முடியாது. அந்தச் சக்கரங்களின் வெளிச்சத்தில் தெருவில் ஒருவன் பேப்பர் படிக்கலாம். வழியில் வளைவுகளில் மட்டும் அடியிலிருந்து 'கர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. பந்தய வண்டி என்றால் உறுமாதா என்று பல்செட்டார் அதை ரசித்துக்கொண்டே வந்தார்.

மச்சினன் தினமும் வர ஆரம்பித்தான். வீட்டுக்குள் வராமல் நேரே காரிடம் போவான்.

"மாமா, வீலு அட்டகாசம். நானும் இதத்தான் போட்டிருப்பேன். எனக்கு ஒரு வேலை மிச்சம்."

"உனக்கு என்ன வேலை மிச்சம்? வண்டி என்னது."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்களதுதான் மாமா. நான் இல்லேங்கல."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குறடம்மா வெள்ளைப் புடவை கட்டி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆபரேஷனுக்குப் போகிறவரைப் போல வாசலுக்கு வந்தார். மச்சினன் வாசல் கேட்டில் சாய்ந்து நின்றான். பல்செட்டார் கதவைத் திறந்து பிடித்தார். குறடம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு ஒரு துளிச் சிரமமில்லாமல் உள்ளே இறங்கி உட்கார்ந்தார். தேகம் ஒடிசலாக இருப்பதில் அப்படி ஒரு சௌகரியம்.

தெருவில் நேராகப் போனவரை எல்லாம் சுகம். பல்செட்டார் ஓரக்கண்ணால் பார்த்தார். மனைவியின் உதட்டு ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்புக்கு முந்தின நிலை என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். நெஞ்சு நிறைந்தது. இப்போது காய்கறிப் பை விஷயத்தைச் சரிபண்ணி, சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வளைவும் வந்தது.

கர்ர்ர்ர்ர்ர்ர்!

தனியாகப் போனபோது உறுமல்; இருவராகப் போனபோது ஓலம். தகர டப்பாவுக்குள் ஒரு யானையை வைத்து இழுத்தால் வரும் சத்தம். நடைபாதையில் போனவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒரு சைக்கிள்காரர் சைக்கிளை விட்டுவிட்டுத் தான் மட்டும் ஓடினார். அடுத்த வளைவிலும் அதே. அதற்கடுத்ததில் கருகின ரப்பர் வாசனையும் சேர்ந்துகொண்டது. சிரிப்புக்கு முந்தின நிலை எங்கேயோ போய்விட்டது. வண்டி வீட்டுக்குத் திரும்பியது.

கேட்டில் மச்சினன் ரெண்டு கையையும் தேய்த்துக்கொண்டு நின்றான். "சத்தம் என் கடை வரைக்கும் கேட்டிருக்கும் மாமா. சரி, சாவியக் குடுங்க."

குறடம்மா இறங்கினார். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, நடுத்தெருவில் முழங்கால் போட்டு, மட்கார்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பிறகு தலையை வெளியே எடுத்தார்.

"டாக்டர்!"

பல்செட்டார் ஒரு முக்கலோடு காரிலிருந்து வெளியே வந்தார். 'என்னங்க' என்றால் வீட்டுப் பேச்சு. 'டாக்டர்' என்றால் கேஸ் கெட்டுப்போச்சு என்று அர்த்தம்.

"சொல்லும்மா."

"இத மாட்டும்போது வண்டி எங்க இருந்தது?"

"லிஃப்ட்ல. மேல."

"தொங்கிக்கிட்டு?"

"தொங்கிக்கிட்டுதான்."

"அதாவது, வாயத் தொறந்து வச்சுக்கிட்டே செட்டு பிரமாதம்னு எழுதிக் குடுத்துட்டீங்க. கடிச்சுப் பார்க்கச் சொல்லல?"

பல்செட்டாரின் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. கடிங்க, விடுங்க, கடிங்க, பல்லை இந்தப் பக்கம் நறநறங்க, அந்தப் பக்கம் நறநறங்க என்று ஒரு ஊருக்கே சொன்ன வாய் அது. கடித்துப் பார்க்காமல் ஒரு செட்டையும் அவர் வெளியே அனுப்பியதில்லை. தொழில் பழகும் பையன் ஒருவன் அப்படி அனுப்பியதற்கு அவனை ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் வைத்திருந்தார். இப்போது தெருவெல்லாம் கேட்க, அதே தப்பு, நாலு சக்கரத்தில்.

"அக்கா, பிடிக்கலைல்ல? அப்ப பேசினபடி…"

"இருடா. தேய்க்கிற இடம் எதுன்னே இன்னும் தெரியல, அதுக்குள்ள என்ன பிடிக்கறது பிடிக்காதது? நீ உள்ள போய் அடுப்புல தண்ணி வை. கொதிக்க வேண்டாம், கை பொறுக்கிற சூடு."

சோபாக்கடை முதலாளி பேசாமல் அடுப்பங்கரைக்குப் போனான். பின்னறையிலிருந்து வரும் அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு பேசியவர் எவரும் பல்லோடு வீடு திரும்பியதில்லை.

குறடம்மா உள்ளே போய் மெழுகுத் தகடுகளைக் கொண்டு வந்தார். பல் கட்டும்போது கடித்துப் பார்க்கக் கொடுக்கும் ரோஸ் நிற மெழுகு. வெந்நீரில் போட்டுத் துவள வைத்து, அரை விரல் கனத்துக்கு மடித்து, நாலு மட்கார்டின் உள்விளிம்பிலும் அழுத்தி ஒட்டினார். பல்செட்டாரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த ஓரம் தூக்கி நிக்குது."

"தெரியுது. விரல எடுங்க."

"இன்னும் கொஞ்சம் சூடு காட்டலாமோ?"

"என் கேஸ்ல கை வைக்காதீங்க டாக்டர். நான் என்னைக்காவது உங்க கேஸ்ல கை வச்சிருக்கேனா?"

ஒட்டி முடித்தபோது சிவப்புக் காருக்கு நாலு பக்கமும் ஈறு முளைத்திருந்தது. தெருவில் போனவர்கள் வண்டியைப் பார்த்து மரியாதையாகத் தள்ளிப் போனார்கள். கடித்துவிடுமோ என்ற பயமாக இருக்கலாம்.

இருவரும் மறுபடி ஏறி, தெருமுனை வளைவுவரை மெல்லப் போய், முழுக்க ஒடித்துத் திருப்பி, திரும்பி வந்தார்கள். குறடம்மா மெழுகை உரித்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முன்பக்கம் ரெண்டிலும் டயரின் கட்டங்கள் அச்சு அசலாகப் பதிந்திருந்தன, கடைவாய்ப்பல் பதிந்தது போல. ஓரிடத்தில் மெழுகே மிச்சமில்லாமல் கிழிந்திருந்தது. பின்பக்கம் ஒரு கீறல் இல்லை.

"ஆகா, எவ்வளவு துல்லியமாப் பதிஞ்சிருக்கு!" என்றார் பல்செட்டார் தன்னை மறந்து.

"அழகா இருக்கு இல்ல?" என்றார் குறடம்மா. இருவருடைய தலைகளும் ஒரு துண்டு மெழுகின் மேல் குனிந்திருந்தன. மச்சினன் வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கையில் சாவி வரவில்லை.

"அக்கா, நீ வாக்குக் குடுத்திருக்கே."

"மாத்த மாட்டேன். இன்னைக்கு நான் வண்டியப் பார்க்கல, வீலத்தான் பார்த்தேன். வீலு சரியில்ல. அத மாத்திட்டு ஒரு சுத்து போவேன். அப்ப சொல்றேன், அதுதான் முடிவு."

திங்கட்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். வளைவே இல்லாத வழியாகத் தேடித் தேடிப் போனதில், பக்கத்துத் தெருவுக்குப் போக ஊரின் எல்லையை ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது. கடைக்காரர் தங்கச் சக்கரங்களைப் பார்த்தார், குறடம்மா கையில் இருந்த மெழுகைப் பார்த்தார், பின்வாங்கினார்.

"அம்மா, அது எனக்கா?"

"உங்களுக்கு இல்ல. வண்டி கடிச்சது."

கடைக்காரர் மெழுகை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்லம்மா. நாங்க கண்ண வச்சுத்தான் சொல்லுவோம். சரி, அந்த அஞ்சு கம்பிதான் உங்களுக்கு. சொன்னேனே, சார்தான் கேக்கல. ஆனா தேய்ஞ்ச டயரோட இதத் திருப்பி எடுக்கறதுன்னா எனக்கு நஷ்டம்."

"நஷ்டத்தக் குடுத்துடறேன்" என்றார் பல்செட்டார்.

"காசு வேண்டாம் சார்."

"அப்புறம்?"

கடைக்காரர் தன் வாயை விரலால் சுட்டினார்.

"வெள்ளையா," என்றார்.

"முடியாது."

"சார்…"

"யோவ், ட்யூப் லைட் முழுங்கின மாதிரி இருக்கும்யா! இருட்டுல நீங்க சிரிச்சா எதிர்ல வர்ற வண்டிக்காரன் ஹெட்லைட்ட அணைச்சுட்டு ஒதுங்குவான். நான் போட்டதுன்னு ஊர் பேசும். எனக்குன்னு ஒரு…"

பல்செட்டார் நிறுத்தினார். சாய்த்து நிறுத்தியிருந்த தங்கச் சக்கரம் அவர் முகத்தில் பளபளத்தது. குறடம்மா கையைக் கையால் பிடித்துக்கொண்டு, வேறு ஒருவர் பல் தானாக விழுவதை வேடிக்கை பார்ப்பவரைப் போல நின்றார். வாழ்நாள் கொள்கை ஒரு பக்கம். வீட்டு வாசலில் வெறும் கையோடு காத்திருக்கும் மச்சினன் இன்னொரு பக்கம். வண்டி போனால் ரெண்டு சீட்டும் போகும்.

"எவ்வளவு வெள்ளை?" என்றார் பல்செட்டார், ஈனக்குரலில்.

"உங்க அலமாரியில இருக்கறதுலயே மேல் வரிசை சார். நீங்க யாருக்கும் காட்டாம மறைச்சு வைப்பீங்களே, அது."

"கோரைப்பல் சாய்வாவது இருக்கட்டுமா?"

"நேரா சார். அணிவகுப்பு மாதிரி."

"வியாழக்கிழமை வாங்க, அளவெடுக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் பல்செட்டார் அங்கிருந்த பழைய டயரின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பழைய செட்டு நழுவியது. பிடித்துக்கொண்டார்.

இந்த முறை வண்டியைத் தரையில் நிறுத்தித்தான் பார்த்தார்கள். பல்செட்டார் ஒரு பக்கம் உட்கார, கடைக்காரர் இன்னொரு பக்கம் உட்கார, குறடம்மா சக்கரத்துக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, புது மெழுகை ஒட்டி உத்தரவு போட்டார்.

"ஒடிங்க. இன்னும் ஒடிங்க. விடுங்க. இந்தப் பக்கம். பிரேக்க மிதிங்க. ரெண்டு பேரும் ஒரு தடவ குதிங்க."

குதித்தார்கள். மெழுகில் ஒரு தடமும் இல்லை. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் விரல் கனத்துக்கு நியாயமான இடைவெளி. சாதா வெள்ளி நிறத்தில், பார்த்ததும் மறந்துபோகும் நாலு சக்கரங்களோடு சிவப்புக் கார் நின்றது. மாற்றியதே தெரியவில்லை. பல்செட்டாருக்குத் தொண்டையிலிருந்து 'ம்ம்' வந்துவிட்டது. வந்த பிறகுதான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஏறுங்க" என்றார் குறடம்மா. "இதுதான் சுத்து."

ஊரைச் சுற்றி வந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் பல்செட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சத்தமில்லை. பாலத்தின் மேல் ஏறி இறங்கினார்கள், மேடு பள்ளத்தில் குலுங்கினார்கள், சத்தமில்லை. பக்கத்துச் சீட்டிலிருந்தும் சத்தமில்லை. நாற்காலியில் மல்லாந்து படுத்திருப்பவனுக்கு டாக்டரின் மௌனம் எப்படி இருக்கும் என்பதைப் பல்செட்டார் அன்றைக்குத்தான் அனுபவித்தார்.

தெரு முக்குக்கு வந்தார்கள். வலது பக்கம் திரும்பினால் வீடு. தூரத்தில் கேட்டில் சாய்ந்து நிற்கும் மச்சினன் தெரிந்தான். அவர் வண்டியை நிறுத்தினார்.

"அன்னைக்குக் காய்கறிப் பையின்னு சொன்னேன் பாரு," என்றார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "அது வாய் தவறி வந்தது. நான் சொல்ல வந்தது அது இல்ல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மூணாவது சீட்டு இல்லாத வண்டியா எதுக்கு ஒரு மனுஷன் தேடுவான்னு யோசிச்சேன். அவ்வளவு மக்கு இல்லைங்க நான்." குறடம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இடது பக்கம் போனா என்ன வரும்?"

"நான் போனதில்லையே."

"நானும்தான்."

அப்போது அவர் பையில் கைபேசி அடித்தது. கேட்டில் நிற்கும் உருவம் காதில் கையை வைத்திருந்தது. குறடம்மா எடுத்தார்.

"அக்கா, ஏன் அங்கயே நிக்கிறீங்க? முடிவு என்ன ஆச்சு?"

"நீ போய் சோபா வித்துக்கிட்டு இரு தம்பி," என்றார் குறடம்மா. "உனக்கு உட்கார்ற சாமான்தான் சரிப்படும். இது போற சாமான்."

பல்செட்டார் அதற்குள் இடது பக்கம் முழுசாக ஒடித்திருந்தார்.